ஹெலன் ஓடிப்போனாளா, தூக்கிக்கொண்டு போனார்களா?

கேள்வி இதுதான்: ஸ்பார்ட்டா ராஜா மெனெலாஸின் மனைவி ஹெலன், டிராய் இளவரசன் பாரிஸோடு விரும்பிப் போனாளா, இல்லை அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போனானா, அப்புறம் ஒரே ஒரு பெண்ணுக்காகவா பத்து வருஷம் சண்டை போட்டார்கள்? முதல் பாதிக்குச் சுருக்கமான பதில், கிரேக்கர்களுக்கே தெரியாது. மழுப்புவதற்காகச் சொல்லவில்லை. ஹோமர் காலம் தொட்டுப் பல நூறு வருஷம் இதைப் பாடினார்கள், நாடகமாகப் போட்டார்கள், மேடையேறி வாதாடினார்கள், ஆனால் கடைசிவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் மூன்று வருஷ இடைவெளியில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு ஹெலன்களை மேடையேற்றினார். இரண்டாம் பாதிக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் இந்தப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் நிறைய பேர் கதையைச் சினிமா வழியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். மூன்றாம் காண்டத்தில்தான் ஹெலன் முதல்முறையாக நம் கண்ணில் படுகிறாள். தறியின் முன்னால் நிற்கிறாள். கருஞ்சிவப்பில் பெரிய துணி ஒன்றை நெய்துகொண்டிருக்கிறாள், அந்தத் துணியில் அவள் போடும் உருவங்கள் என்ன தெரியுமா, வெளியே தனக்காக அடித்துக்கொண்டு சாகும் டிராய்க்காரர்களும் கிரேக்கர்களும்தான். அங்கிருந்து கோட்டை மதிலுக்கு வருகிறாள். சண்டை போடும் வயதைத் தாண்டிய கிழவர்கள் சில்வண்டு மாதிரி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒருத்திக்காக இத்தனை நாள் கஷ்டப்படுவதில் தப்பில்லை, தெய்வம் மாதிரி இருக்கிறாள், ஆனாலும் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டால் தேவலை என்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை! மாமனார், டிராய் ராஜா பிரையம் அவளை மகளே என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் மேல் குற்றமில்லையம்மா, தெய்வங்கள் மேல்தான் குற்றம் என்கிறான். அவளோ தன்னையே நாய் முகத்தாள் என்று ஏசிக்கொள்கிறாள், இங்கே வருவதற்குப் பதில் செத்திருக்கலாம் என்கிறாள். கிரேக்கப் படையில் தன் அண்ணன் தம்பிகள் இரண்டு பேரையும் கண்ணால் தேடுகிறாள். காணவில்லை. தன்னால் வந்த அவமானத்துக்குக் கூசி வரவில்லையோ என்று நினைக்கிறாள். அவர்கள் எப்போதோ செத்து ஸ்பார்ட்டா மண்ணுக்குள் போய்விட்டார்கள், அது அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கே பாரிஸுக்கும் மெனெலாஸுக்கும் ஒண்டிக்கு ஒண்டி சண்டை. பாரிஸ் தோற்கிறான். மெனெலாஸ் அவன் தலைக்கவசத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கும்போது காதல் தெய்வம் அஃப்ரோடைட் பாரிஸை மூடுபனியில் மறைத்துத் தூக்கிப்போய் படுக்கையறையில் போட்டுவிடுகிறாள். பிறகு ஸ்பார்ட்டாவில் கம்பளி நூற்ற ஒரு கிழவி வேஷத்தில் வந்து ஹெலனைக் கூப்பிடுகிறாள். ஹெலன் அடையாளம் கண்டுகொள்கிறாள். கண்டுகொண்டதும் அவள் பேசுவதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். இனி எந்த ஊருக்கு என்னை ஓட்டிக்கொண்டு போகப் போகிறாய், அங்கேயும் உனக்குப் பிடித்தவன் எவனாவது இருக்கிறானா, அவ்வளவு ஆசையாக இருந்தால் நீயே போய் அவன் பக்கத்தில் உட்கார், பெண்டாட்டியாகவோ அடிமையாகவோ அவன் வைத்துக்கொள்ளட்டும் என்கிறாள், ஒரு தெய்வத்தின் முகத்தைப் பார்த்து! அஃப்ரோடைட் சீறுகிறாள்: என்னைக் கிளறாதே, இவ்வளவு நாள் நேசித்த அளவுக்கு வெறுத்துவிடுவேன். ஹெலன் பயந்து, முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சத்தமில்லாமல் போகிறாள்.

அங்கே பாரிஸ் சொல்கிறான்: உன் மேல் இவ்வளவு ஆசை எனக்கு என்றைக்குமே வந்ததில்லை, லாசிடமோனிலிருந்து உன்னைப் பறித்துக்கொண்டு கப்பலேறி கிரானே தீவில் உன்னோடு படுத்த அன்றைக்குக்கூட. லாசிடமோன் என்பது ஸ்பார்ட்டாதான். கிரானே என்று கிரேக்கர்கள் காட்டிய இடம் இன்றைக்கும் இருக்கிறது, கீதியோ என்ற துறைமுக ஊரை ஒட்டிய சின்னத் திட்டு, இப்போது கரையோடு பாதை போட்டு இணைத்துவிட்டார்கள்.

பறித்துக்கொண்டு என்றான் பாருங்கள், வம்பே அந்தச் சொல்லில்தான். தமிழில் நமக்கு இரண்டும் தனித்தனி. அவளாகப் போனால் உடன்போக்கு, அவன் பலவந்தமாகக் கொண்டுபோனால் சிறையெடுத்தல். கிரேக்கத்தில் ஹர்பகே என்ற ஒரே சொல் ரொம்பத் தூரத்துக்கு வேலை செய்தது. கழுகு ஆட்டுக்குட்டியைத் தூக்குவது, கொள்ளைக்காரன் பொருளைப் பறிப்பது, பாதாள ராஜா ஹேடிஸ் பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செஃபொனியைத் தேரில் அள்ளிப்போட்டுப் பாதாளத்துக்குப் போனது, எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். அந்தக் கடைசிக் கதையில் பெண்ணைப் பெற்றவனும் தெய்வங்களின் ராஜாவுமான ஜீயஸ் முன்கூட்டியே சம்மதம் கொடுத்திருக்கிறான், தாய் டிமீட்டருக்கு மட்டும் தெரியாது. அப்படியானால் அது கல்யாணமா, கடத்தலா? அப்பன் கணக்கில் கல்யாணம், அம்மா கணக்கில் கடத்தல், கத்திக்கொண்டே போன பெண்ணின் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஸ்பார்ட்டாவில் நிஜக் கல்யாணமே இந்த ரூபத்தில்தான் நடந்தது என்று ப்ளூட்டார்க் எழுதுகிறார்: பெண்ணைத் தூக்கிவந்து, தலைமயிரை ஒட்ட வெட்டி, ஆண் உடை போட்டு இருட்டில் படுக்கவைப்பார்களாம். ஏதென்ஸில் லிசியாஸ் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரை இருக்கிறது, மனைவியின் காதலனைக் கொன்றவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவது. பலாத்காரம் செய்தவனைவிட மனதைக் கலைத்தவன்தான் பெரிய குற்றவாளி, ஏனென்றால் அவன் பெண்டாட்டியின் மனதையும் சேர்த்துத் திருடுகிறான் என்கிறான். திருட்டு யார் வீட்டில் நடந்தது என்பதுதான் அங்கே கேள்வி. அதனால்தான் ஹெலன் மனதுக்குள் என்ன இருந்தது என்பதைத் தீர்மானிக்காமலேயே அவர்களால் பத்து வருஷப் போரைப் பாட முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஹெலனைத் தூக்கியது பாரிஸ் மட்டும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே தீசியஸ் தூக்கினான், ஏதென்ஸின் பெரிய வீரன், மினோட்டாரைக் கொன்றவன். அவனுக்கு அப்போது வயது ஐம்பது, அவளுக்கு ஏழு என்கிறார்கள் சிலர், பத்து என்கிறார்கள் சிலர். நண்பன் பிரிதூஸும் அவனும் சேர்ந்து தூக்கி, யாருக்கு என்று சீட்டுப் போட்டிருக்கிறார்கள். தோற்ற பிரிதூஸுக்குப் பெண் தேடித்தான் இரண்டு பேரும் பெர்செஃபொனியையே தூக்கப் பாதாளத்துக்குப் போய் மாட்டிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ஹெலனின் சகோதரர்கள் அஃபிட்னா என்ற ஊரில் புகுந்து தங்கையை மீட்டதோடு, காவலுக்கு இருந்த தீசியஸின் தாய் ஏத்ராவையும் அடிமையாக இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது அந்த மதில் காட்சிக்குத் திரும்பி வாருங்கள். ஹெலன் மதிலுக்குப் போகும்போது கூடவே இரண்டு பணிப்பெண்கள் போகிறார்கள், ஒருத்தியின் பெயர் ஏத்ரா. தூக்கியவனின் அம்மா, தூக்கப்பட்டவளுக்குச் சேடியாக டிராய் வரை வந்திருக்கிறாள். இந்த ஒரு அடி இடைச்செருகல் என்று அந்தக் காலத்திலேயே சந்தேகப்பட்டவர்கள் உண்டு, இருக்கட்டும், செருகியவன் கெட்டிக்காரன்.

இப்படி ஒரு தடவை பறிபோன பெண் என்பதால்தானோ என்னவோ, அவளுக்கு வரன் பார்க்கும்போது வளர்ப்புத் தகப்பன் டிண்டாரியஸ் பயந்துபோனான். கிரேக்க நாட்டு ராஜாக்கள் பாதிப்பேர் வாசலில் நிற்கிறார்கள், ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவன் தூக்குவான். தந்திரத்துக்குப் பேர்போன ஒடிசியஸ் ஒரு யோசனை சொன்னான்: யார் மாப்பிள்ளையானாலும் அவனுக்கு அநியாயம் நடந்தால் மீதிப்பேர் எல்லோரும் உதவிக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கிவிடு. குதிரையை வெட்டி, அந்தத் துண்டங்களின் மேல் அவர்களை நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினார்களாம், அந்தக் குதிரையைப் புதைத்த இடம் என்று ஸ்பார்ட்டா பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினார்கள் என்று பயணி பவுசானியஸ் எழுதிவைத்திருக்கிறார். யோசனைக்குக் கூலியாக ஒடிசியஸுக்குக் கிடைத்தவள் பெனிலொப்பி. பிற்பாடு போர் வந்ததும் அதே சத்தியத்திலிருந்து நழுவப் பைத்தியம் மாதிரி நடித்தவனும் இதே ஒடிசியஸ்தான்.

சரி, விரும்பிப் போனாள் என்று சொன்னவர்கள் யார்? கி.மு. 600 வாக்கில் லெஸ்போஸ் தீவில் இருந்த சாஃபோ, கிடைத்திருக்கும் ஒரு துண்டுப் பாட்டில், அழகானது எது என்று ஒரு கேள்வி போடுகிறாள். சிலர் குதிரைப்படை என்பார்கள், சிலர் காலாட்படை, சிலர் கப்பல்கள், நான் சொல்கிறேன், யார் எதை நேசிக்கிறாரோ அதுதான். சாட்சிக்கு அவள் கூப்பிடுவது ஹெலனை: நல்ல புருஷனை விட்டு, பெற்ற பிள்ளையையும் பெற்றவர்களையும் நினைக்காமல் கப்பலேறிப் போனாள் இல்லையா. திட்டுகிற தொனியே இல்லை. ஹெலன் பேரைச் சொல்லிவிட்டு அடுத்து தன் ஊரை விட்டுப் போன அனக்டோரியாவின் நடையும் முகத்தின் பளபளப்பும் ஞாபகம் வருகிறது என்று போய்விடுகிறாள். கிரேக்கத்தில் ஹெலனை ஒரு பெண் பாடி நமக்கு மிஞ்சியிருப்பது ரொம்ப அபூர்வம், இதில் அவள் குற்றவாளி இல்லை என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

போகவே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. ஸ்டெசிகோரஸ் என்ற கவிஞர் ஹெலனை ஏசிப் பாடினதால் கண் போயிற்றாம், அந்தக் கதை பொய், நீ கப்பலேறவே இல்லை, டிராய்க்குப் போகவே இல்லை என்று மாற்றிப் பாடினதும் பார்வை திரும்பிற்றாம். டிராய்க்குப் போனது அவள் இல்லை, அவளைப் போன்ற மாய உருவம்தான் என்ற கதை இப்படித்தான் பரவியது. யூரிப்பிடிஸ் கி.மு. 412இல் இதையே முழு நாடகமாக்கினார். ஜீயஸின் மனைவி ஹீரா காற்றில் செய்த பொம்மையைப் பாரிஸ் கட்டிக்கொண்டு போகிறான், நிஜ ஹெலன் எகிப்தில் பத்தினியாக உட்கார்ந்திருக்கிறாள், பத்து வருஷமும் பொம்மைக்காகச் செத்திருக்கிறார்கள். முந்தைய வருஷம்தான் ஏதென்ஸின் பெரும்படை சிசிலியில் அழிந்துபோயிருந்தது, பார்க்க வந்தவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேரோ. இது ராமாயணம் மாதிரியே இருக்கிறதே என்பீர்கள், இருக்கிறதுதான். மாய சீதை கதை பின்னால் வந்ததற்கும், கம்பன் ராவணனைச் சீதை மேல் விரல் படாமல் பர்ணசாலையோடு பெயர்த்தெடுக்க வைத்ததற்கும் இதே கவலைதான் காரணம். கி.பி. முதல் நூற்றாண்டில் தியோன் கிரிசோஸ்டம் என்ற கிரேக்கப் பேச்சாளர் இந்தியர்கள் ஹோமரைத் தங்கள் மொழியில் பாடுகிறார்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறார், நம் இதிகாசங்களைப் பற்றி ஏதோ காதில் விழுந்திருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் பெரியது: சீதையின் மனதைப் பற்றிக் கதை சொல்பவருக்குச் சந்தேகமே கிடையாது, ஹெலன் கதையில் சந்தேகம்தான் கதை.

அந்தச் சந்தேகத்தைக் கூண்டில் ஏற்றி விசாரித்ததும் யூரிப்பிடிஸ்தான், மூன்று வருஷம் முன்பு, கி.மு. 415இல் போட்ட டிராய்ப் பெண்கள் நாடகத்தில். நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. ஹெலன் புருஷன் முன்னால் நின்று வாதாடுகிறாள்: அஃப்ரோடைட்டை மீறி யாரால் நிற்க முடியும், ஜீயஸாலேயே முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் பறிகொடுத்த பாரிஸின் தாய், கிழவி ஹெக்குபா எழுந்து கேட்கிறாள்: என் மகன் அழகன், அவனைப் பார்த்ததும் உன் மனசுதான் அஃப்ரோடைட் ஆயிற்று. பலவந்தமாகத் தூக்கினான் என்கிறாயே, ஸ்பார்ட்டாவில் யார் காதிலாவது உன் கூச்சல் விழுந்ததா, உன் சகோதரர்கள் அப்போது உயிரோடுதானே இருந்தார்கள்? ஏன் கத்தவில்லை என்ற இந்தக் கேள்வியை இன்றைக்கும் எங்கெங்கே கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த மேடையில் இருந்த மற்றப் பெண்களைக் கவனியுங்கள். யாருக்கு யார் அடிமை என்று பங்கு பிரித்து முடித்தாயிற்று. இந்த நாடகம் நடப்பதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் ஏதென்ஸ்காரர்கள் மீலோஸ் தீவைப் பிடித்து ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கியிருந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஒரு பெண்ணுக்காகவா? கிரேக்கர்களே இதைச் சிரித்துக்கொண்டும் கேட்டார்கள், சிரிக்காமலும் கேட்டார்கள். ஹெரோடோட்டஸ் தன் வரலாற்றை ஆரம்பிப்பதே கடத்தல் கணக்கோடுதான், பாரசீகர்கள் சொன்னதாக. ஃபினீசியர்கள் ஆர்கோஸிலிருந்து ஐயோவைத் தூக்கினார்கள், பதிலுக்குக் கிரேக்கர்கள் டையர் நகரிலிருந்து யூரோப்பாவை, அப்புறம் கோல்கிஸிலிருந்து மீடியாவை, அடுத்த தலைமுறையில் பாரிஸ் ஹெலனை. பெண்ணைத் தூக்குவது அயோக்கியன் வேலை, அதற்காகப் படை திரட்டுவது முட்டாள் வேலை, அவளுக்கு இஷ்டமில்லாமலா தூக்க முடியும் என்பது பாரசீகர் வாதமாம். எகிப்து பூசாரிகள் சொன்னபடி ஹெலன் டிராயில் இல்லவே இல்லை என்பதுதான் அவருக்கே நம்பிக்கையான கதை, இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், ஒவ்வொரு சண்டையிலும் இரண்டு மூன்று பிள்ளைகளைக் காவு கொடுக்கும் அளவுக்குப் பிரையம் பைத்தியம் இல்லை என்கிறார். இந்த மாதிரிக் கணக்கை நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோஃபனிஸ் கி.மு. 425இல் கிண்டலடித்தார்: குடித்துவிட்டு நாலு பையன்கள் மெகாராவில் ஒரு வேசியைத் தூக்கினார்கள், அவர்கள் பதிலுக்கு இங்கே இரண்டு பேரைத் தூக்கினார்கள், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய நம் பெலோப்பொனீசியப் போருக்கு இதுதான் ஐயா காரணம். வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இந்த விளையாட்டுக்கெல்லாம் வரவில்லை. சத்தியமாவது ஒன்றாவது, மெனெலாஸின் அண்ணன் அகமெம்னானிடம் பலமும் கப்பலும் இருந்தது, அதனால் மற்றவர்கள் பின்னால் போனார்கள் என்று முடித்துவிட்டார்.

எனக்குக் கணக்கு இலியட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒப்பந்தம் பேசும் போதெல்லாம் ஹெலனும் அவளோடு வந்த பொருள்களும் என்று ஜோடியாகத்தான் வரும், ஹெலன் மட்டும் தனியாக வருவது அபூர்வம். ஒரு கட்டத்தில் பாரிஸ் பேரம் பேசுகிறான்: பொருளெல்லாம் தருகிறேன், கூட என் கையிலிருந்தும் போட்டுத் தருகிறேன், அவளை மட்டும் தர மாட்டேன். இரண்டாம் காண்டத்தில் கிழட்டு நெஸ்டர் படையை உசுப்பும்போது, டிராய்க்காரன் பெண்டாட்டியோடு படுக்காமல் எவனும் ஊருக்குக் கிளம்பக் கூடாது, ஹெலனின் தவிப்புக்கும் புலம்பலுக்கும் அதுதான் பழி என்கிறார். தவித்தது ஹெலனா, ஹெலனுக்காகத் தவித்தது இவர்களா என்று அந்த வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம், உரைகாரர்கள் அதன் மேல் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒரு கடத்தலுக்குப் பரிகாரம் ஆயிரம் கடத்தல் என்பதில் மட்டும் இரண்டு அர்த்தம் இல்லை.

15,000 அடிக்கு மேல் ஓடும் அந்தக் காவியம் தொடங்குவதே ஹெலனால் அல்ல. கிரைசெயிஸ் என்ற பூசாரி மகள் போரில் பிடிபட்டு அகமெம்னானின் கூடாரத்தில் இருக்கிறாள். அப்பன் பணத்தோடு வந்து கெஞ்சுகிறான். தர மாட்டேன், ஆர்கோஸில் என் வீட்டில் தறி நெய்துகொண்டு என் படுக்கைக்கு வந்துகொண்டு கிழவியாவாள் என்கிறான் ராஜா. கொள்ளைநோய் வந்து அவளை விட வேண்டியதாகிறது, அந்த நஷ்டத்துக்குப் படையின் பெரிய வீரன் அக்கிலிஸிடமிருந்து அவனுக்குப் பங்காக வந்த அடிமைப்பெண் பிரிசெயிஸைப் பிடுங்குகிறான். அக்கிலிஸ் பொங்குகிறான்: நாம் எதற்காக இங்கே சண்டை போடுகிறோம், ஹெலனுக்காகத்தானே, பெண்டாட்டியை நேசிப்பது அகமெம்னான் வீட்டு ஆண்கள் மட்டும்தானா, ஈட்டியால் கிடைத்தவள் என்றாலும் நானும் இவளை மனசார நேசித்தேன். படித்தால் மனம் இளகும். பத்துக் காண்டம் தள்ளிப் போங்கள், உயிர் நண்பன் பாட்ரோக்ளஸ் செத்தபின் இதே அக்கிலிஸ் சொல்கிறான்: லிர்னெசஸ் ஊரை நான் பிடித்த அன்றைக்கே வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் அம்பெய்து அவளைக் கொன்றிருக்கலாம்.

பிரிசெயிஸ் வாய் திறப்பது ஒரே ஒரு தடவை, பாட்ரோக்ளஸ் பிணத்தின் மேல் விழுந்து. கட்டின புருஷன் ஊர் முன்னால் வெட்டுப்பட்டுக் கிடந்ததைப் பார்த்தேன், கூடப் பிறந்த மூன்று பேரும் அதே நாளில் போனார்கள், அழாதே, உன்னை அக்கிலிஸுக்கு முறையான மனைவியாக்கி ஊரில் கல்யாண விருந்து போடுவேன் என்று சொன்னவன் நீ ஒருவன்தான் என்று அழுகிறாள். அவர்களைக் கொன்றவனே அக்கிலிஸ்தான், அவனைக் கட்டிக்கொள்வதுதான் அவளுக்கு மிச்சமிருந்த நல்ல எதிர்காலம். சுற்றி நின்ற மற்ற அடிமைப் பெண்களும் கூடச் சேர்ந்து அழுதார்கள், பேருக்குப் பாட்ரோக்ளஸை அழுதார்கள், அவரவர் தன் துக்கத்தை அழுதார்கள் என்கிறார் ஹோமர். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது கற்பனை மட்டும்தானா என்றால், கிரேக்கத்தில் பைலோஸ் அரண்மனை கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்தில் எரிந்தபோது அதன் கணக்குப்பிள்ளைகள் எழுதிய களிமண் ஏடுகள் நெருப்பில் சுட்டு இறுகித் தப்பின. நெஸ்டரின் ஊர் என்று ஹோமர் சொல்லும் அதே பைலோஸ். அந்த எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டினார். அதில் எழுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள், கூடவே அவர்கள் பிள்ளைகள், தலைக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு அத்திப்பழம் என்று பட்டியல். நூற்பவர்கள், சிக்கெடுப்பவர்கள், மாவரைப்பவர்கள். ஊர்ப் பெயரைப் பாருங்கள்: மிலேட்டஸ்காரிகள், நீடஸ்காரிகள், லெம்னோஸ்காரிகள், எல்லாம் டிராய் இருக்கும் ஏஜியன் கடலின் கிழக்குக் கரையும் அதை ஒட்டிய தீவும். சில பெண்களுக்கு ஊர்கூட இல்லை, போரில் பிடிபட்டவர்கள் என்று பொருள்படும் ஒரு சொல் மட்டும். அவர்களுக்காக எந்த ஆயிரம் கப்பலும் கிளம்பவில்லை. டிராயைத் தோண்டிய ஷ்லீமன் 1873இல் கண்டெடுத்த நகைகளை ஹெலனுடையது என்று தன் மனைவிக்குப் போட்டுப் படம் பிடித்தார், அந்த நகை ஹெலன் காலத்துக்கு ஆயிரம் வருஷம் முந்தியது. எனக்கு அந்தத் தங்கத்தைவிட இந்த அத்திப்பழக் கணக்குத்தான் டிராய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஹெலன் கடைசியில் என்ன ஆனாள் என்றும் பலர் கேட்பதுண்டு. வாளோடு கொல்ல வந்த மெனெலாஸ், அவள் மார்பைப் பார்த்ததும் வாளைக் கீழே போட்டான் என்று ஒரு கதை, குடங்களில் அதை ஓவியமாகவே தீட்டியிருக்கிறார்கள். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் நாலாம் காண்டத்தில் இருவரும் ஸ்பார்ட்டாவில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், வீட்டில் கல்யாண விருந்து, அவளுக்கு வெள்ளியில் நூல் கூடையும் தங்கக் கதிரும் வந்து சேர்கிறது. விருந்தாளியாக ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ். போர் நினைவில் எல்லோரும் அழ ஆரம்பித்ததும் ஹெலன் எகிப்தில் கிடைத்த ஒரு மருந்தை யாருக்கும் சொல்லாமல் மதுவில் கலக்கிறாள். தாய் தகப்பன் செத்தாலும், கண்ணெதிரே பிள்ளையை வெட்டினாலும் அன்று முழுக்கக் கண்ணீர் வராத மருந்து. எல்லோரும் குடித்தபின் கதை சொல்கிறாள்: ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேஷத்தில் டிராய்க்குள் வந்தபோது நான் ஒருத்திதான் கண்டுகொண்டேன், காட்டிக்கொடுக்கவில்லை, மனசு அப்போதே ஊருக்குத் திரும்பியிருந்தது. நல்ல கதையம்மா என்று சொல்லிவிட்டு மெனெலாஸ் தன் கதையைச் சொல்கிறான்: டிராய்க்குள் புக நாங்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து மூச்சடக்கி இருந்தபோது நீ வந்தாய், மூன்று சுற்று சுற்றினாய், ஒவ்வொருவன் பெண்டாட்டி குரலிலும் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய், ஒடிசியஸ் வாயைப் பொத்தியிருக்காவிட்டால் பதில் குரல் கொடுத்துச் செத்திருப்போம்.

இரண்டு கதையும் ஒரே மேஜையில், ஒன்றுக்கொன்று பதிலாக. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போதும், தூங்கப் போகலாம் என்கிறான் டெலிமாக்கஸ். ஹெலன் வேலைக்காரிகளிடம் விருந்தாளிகளுக்குத் திண்ணையில் கட்டில் போட்டு, சிவப்புக் கம்பளி விரிக்கச் சொல்கிறாள். அப்புறம் மெனெலாஸ் உள்ளே போய்ப் படுக்கிறான், பக்கத்தில் அவள்.